நஸீஹத்தும் ஒரு சீனச் சொல்லும்

"ஹஜ்ரத், நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் அவன் கேட்பான்."

இவ்வாறு சொல்லிக்கொண்டு நம் வீட்டுத் திண்ணையில் வந்து அமர்பவர்கள் ஆண்டுக்கு ஐந்தாறு பேராவது உண்டு. மகன் பள்ளிவாசல் பக்கமே வருவதில்லை என்பார் ஒருவர். தம்பி பாகம் பிரிக்கச் சொல்லிப் பிடிவாதம் பிடிக்கிறான் என்பார் இன்னொருவர். பிறந்தகம் போன மருமகளைத் திரும்ப அழைத்துவர வேண்டும் என்று ஒரு மூதாட்டி வருவார். பிள்ளைகளுக்கு அலிஃப், பே சொல்லிக்கொடுத்தவன் வளர்ந்த பின்னும் அவர்களுக்கு எதையும் சொல்லலாம் என்பது நம் சமுதாயத்தில் ஊறிப்போன எண்ணம். நாமும் நெடுங்காலம் அந்த எண்ணத்தில் மகிழ்ந்திருந்தவர்களே.

இம்முறை திருக்கோவிலூரில் நம்மிடம் வந்தவர் சிறுவணிகர். நம் பழைய நண்பர். அவருடைய மகன் 2018ஆம் ஆண்டில் சீனாவுக்கு மருத்துவம் படிக்கப் போனவன். 2020 ஜனவரியில் விடுமுறைக்கு ஊர் வந்தான். கொரோனா நோய் பரவிச் சீனம் தன் கதவை அடைத்துக்கொள்ளவே, மூன்றாண்டுகள் வீட்டிலிருந்து திரையில் பாடம் கேட்டான். பிறகு போய்ப் படிப்பை முடித்துத் திரும்பினான். வெளிநாட்டில் மருத்துவம் கற்றவர்கள் இங்கே தொழில் செய்ய ஒரு தேர்வு எழுத வேண்டும். 300 மதிப்பெண்ணுக்கு 150 எடுக்க வேண்டும். ஆண்டுக்கு இருமுறை நடக்கும். இரண்டு தடவை எழுதித் தவறிவிட்டான். மூன்றாம் தடவை எழுத மாட்டேன் என்கிறானாம். விற்ற நிலமும் வாங்கிய கடனும் தந்தையின் கண்ணில் தெரிந்தன. "அறிவுரை சொல்லுங்கள் ஹஜ்ரத்" என்றார். நாம் உடனே சம்மதிக்கவில்லை. அதற்கான காரணத்தைப் பின்னர்ச் சொல்கிறோம்.

மறுநாள் அஸருக்குப் பின் அப்பிள்ளையை அழைத்துக்கொண்டு பெண்ணையாற்றங்கரைக்குப் போனோம். எதற்கு அழைத்தோம் என்பது அவனுக்குத் தெரிந்தே இருந்தது. சிரித்துக்கொண்டே, "அத்தா உங்களை 'ச்சுவென்' செய்ய அனுப்பினாரா ஹஜ்ரத்?" என்று கேட்டான்.

அது சீனச் சொல்லாம். அவன் மருத்துவமனையில் பயிற்சி பெற்றபோது நாள்தோறும் காதில் விழுந்தது. கிழவர் மருந்து குடிக்க மறுத்தால், செவிலியர் அவருடைய மகளைக் கூப்பிட்டு, "நீங்கள் கொஞ்சம் ச்சுவென் செய்யுங்கள்" என்பாராம். புகை பிடிப்பவனை விடச் சொல்வதும், அழுபவரை அழாதே என்று ஆற்றுவதும், சண்டையிடும் இருவரை விலக்கிவிடுவதும், பிரியப் போகும் கணவன் மனைவியைச் சேர்ந்திருக்கச் சொல்வதும் எல்லாம் அந்த ஒரே வினைதானாம். விருந்தில் மறுப்பவரை இன்னும் ஒரு கிண்ணம் குடியுங்கள் என்று மது ஊற்றுவதற்கும் அதே சொல்தான். நல்லதற்கும் தீயதற்கும் ஒரே சொல்லா என்று நாம் முகம் சுளித்தோம். பிறகு, நம்மவர் விருந்தில் 'இன்னும் ஒரு கரண்டி' என்று பிரியாணியைத் திணிப்பதும் அவ்வினம்தானே என்று நினைத்து அடங்கினோம்.

அவன் சொன்னவற்றுள் நம்மை நிறுத்தியது வேறொன்று. அந்த வினைச்சொல்லில் பயன் அடங்கியிருக்கவில்லை. 'அரைநாள் ச்சுவென் செய்தேன், அவன் கேட்கவில்லை' என்று சீனர் இயல்பாகச் சொல்வார்களாம். கேட்டு இணங்கினான் என்று சொல்ல வேண்டுமானால் வேறு சொல் உண்டு. அதில் 'பேசு' என்பதும் 'பணி' என்பதும் ஒன்றாய்ச் சேர்ந்திருக்கின்றன. பேசிப் பணிய வைப்பது ஒரு செயல். ச்சுவென் வேறொரு செயல். முன்னதைச் செய்தவன் வென்றவன். பின்னதைச் செய்தவன் சொன்னவன், அவ்வளவே.

எழுத்தையும் மணலில் எழுதிக் காட்டினான். அதன் வலப்பாதி 'வலிமை' என்னும் பொருளுடைய குறி. பழஞ்சீனத்தில் இச்சொல்லுக்கு ஊக்குதல், முயலச் செய்தல் என்பதே பொருளாம். கிறிஸ்துவுக்கு முந்திய மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த சுன்ஸி என்னும் அறிஞருடைய நூலின் முதல் இயலுக்கு இச்சொல்லைக் கொண்டே 'கல்விக்கு ஊக்குதல்' என்று பெயர் அமைந்திருக்கிறது. ஒலிப்பில் இன்னொரு நுட்பமும் சொன்னான். குரலை மேலிருந்து கீழே இறக்கி ஒலித்தால் அறிவுரை. அதே ஒலியைக் கீழிருந்து மேலே ஏற்றினால் 'அதிகாரம்' என்று பொருள் மாறிவிடுமாம். நாம் அவனை இரண்டு முறை ஒலிக்கச் சொல்லிக் கேட்டோம். நம் நாவில் இரண்டும் அதிகாரமாகவே வந்தன. பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தான்.

வலிமை என்ற குறியைப் பார்த்ததும் நமக்குத் தமிழ்ச் சொல் ஒன்று நினைவுக்கு வந்தது. 'வற்புறுத்தல்' என்று இன்று நாம் சொன்னால், விரும்பாதவனை நெருக்குதல் என்றே பொருள். பழைய அகப்பொருள் நூல்களிலோ அச்சொல் வேறுவிதமாக வாழ்ந்தது. பிரிவாற்றாத தலைவியைத் தோழி வற்புறுத்தினாள் என்று பாட்டின் கீழ் எழுதியிருப்பார்கள். தோழி அவளை நெருக்கினாள் என்றா பொருள்? இல்லை. மனம் தளர்ந்தவளுக்கு வன்மை உறும்படி, அதாவது உறுதி ஏற்படும்படி, தேற்றினாள் என்பதே பொருள். 'வன்புறை' என்றும் அதனைச் சொல்வர். அன்று வன்மை கேட்பவருக்குச் சேர்ந்தது. இன்று சொல்பவரிடம் போய்விட்டது. ஒரு சொல்லின் பொருள் இவ்வாறு திரும்பிக்கொண்டது தற்செயலாகவும் இருக்கலாம். நம் குடும்பங்களைப் பார்த்தால் அப்படித் தோன்றவில்லை.

அரபியில் நாம் பயின்ற 'நஸீஹத்' என்ற சொல்லையும் இங்கே எண்ணிப் பார்க்க வேண்டும். அதன் வேருக்கு மொழியறிஞர்கள் இரண்டு மூலங்களைக் காட்டுவர். மெழுகு நீங்கிய தூய தேனைக் குறிக்க அவ்வேரிலிருந்து ஒரு சொல் உண்டு. துணியைத் தைப்பதற்கும் ஒரு சொல் உண்டு, நூலுக்கும் தையற்காரனுக்கும் அதிலிருந்தே பெயர் வரும். கலப்பில்லாமை ஒன்று, கிழிசலை இணைத்தல் மற்றொன்று. இரண்டிலும் வெற்றி என்ற பொருள் இல்லை. மார்க்கமே நஸீஹத்தான் என்னும் கருத்துடைய நபிமொழியைத் தமீமுத் தாரீ (ரலி) அவர்கள் அறிவிக்க, இமாம் முஸ்லிம் அவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். யாருக்கு என்று தோழர்கள் வினவியபோது முதலில் வந்த விடை அல்லாஹ்வுக்கு என்பதே. அல்லாஹ்வுக்கு யார் அறிவுரை கூற முடியும்? ஆகவே அச்சொல்லுக்கு உள்ளத்தூய்மை என்பதே அடிப்பொருள் என்று உரையாசிரியர்கள் விளக்கினார்கள். நாமோ மேடையில் ஏறி உரக்கப் பேசுவதற்கு அப்பெயரைச் சூட்டிவிட்டோம்.

பரீரா (ரலி) அவர்களின் செய்தியை நம் வாசகர்களில் பலர் அறிந்திருக்கலாம். ஆயினும் மறுபடி சொல்வதில் நமக்குத் தயக்கமில்லை. அவர் அடிமையாயிருந்து, ஆயிஷா (ரலி) அவர்களால் விடுதலை பெற்றவர். அவருடைய கணவர் முகீஸ் இன்னும் அடிமை. விடுதலை பெற்றதும், அந்த மணத்தைத் தொடரவோ விட்டுவிடவோ பரீராவுக்கு உரிமை வந்தது. அவர் விட்டுவிட்டார். முகீஸோ மதீனாவின் தெருக்களில் அவர் பின்னாலேயே அழுதுகொண்டு திரிந்தார். கண்ணீர் தாடியில் வழிந்தது என்று இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிக்கிறார்கள், புகாரியில் காணலாம். நாயகம் (ஸல்) அவர்களுக்கு இரக்கம் மேலிட்டது. அவரிடமே திரும்பிப் போகலாமே என்று பரீராவிடம் சொன்னார்கள். அப்பெண் உடனே ஒரு கேள்வி கேட்டார்: இது தாங்கள் இடும் கட்டளையா? இல்லை, பரிந்துரை மட்டுமே என்றார்கள் நாயகம். அப்படியானால் எனக்கு அவர் தேவையில்லை என்றார் பரீரா. அத்தோடு முடிந்தது.

நேற்றுவரை அடிமையாயிருந்த ஒரு பெண், அல்லாஹ்வின் தூதரின் பரிந்துரையை அவர்கள் முகத்துக்கு நேரே மறுக்கிறார். அவரை யாரும் கடிந்துகொண்டதாக ஒரு சொல் இல்லை. அவருடைய மதிப்பும் குறையவில்லை. பின்னரும் நாயகத்தின் இல்லத்தோடு நெருங்கியவராகவே வாழ்ந்தார். சீனரிடையே ஒரு வழக்கு உண்டாம்: தம்பதியரைச் சேரச் சொல்லு, பிரியச் சொல்லாதே என்று. நாயகமும் சேரத்தான் சொன்னார்கள். ஆனால் எந்த இடத்தில் நின்று சொன்னார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். கட்டளையா என்ற கேள்விக்கு 'ஆம்' என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். முகீஸின் கண்ணீர் நின்றிருக்கும், பரீராவும் பணிந்திருப்பார். அந்த ஒரு சொல்லை அவர்கள் சொல்லவில்லை. அவர்களே சொல்லாததை, அவர்கள் பெயரைச் சொல்லியே நாம் எத்தனை வீடுகளில் சொல்லியிருக்கிறோம்!

தயங்கியதற்குக் காரணம் உண்டு என்றோமே, அது இதுதான். ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன், நாம் வேறோர் ஊரில் ஓதிக்கொடுத்துக்கொண்டிருந்தோம். நம்மிடம் ஆறு வயதில் கத்தம் தொடங்கிய பெண்பிள்ளை ஒருத்தி பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்தாள். ஆசிரியப் பயிற்சிக்குப் போக விரும்பினாள். வீட்டில் ஒரு சம்பந்தம் பேசினார்கள். அவள் வேண்டாம் என்றாள். அவளுடைய தந்தை நம்மை அழைத்துப் போனார். திரைக்கு அப்பால் அவள், இப்பால் நாம். அரைமணி நேரம் பேசினோம். பெற்றோர் உரிமையைச் சொன்னோம், பொறுமையின் நன்மையைச் சொன்னோம். நன்றாகவும் பேசினோம் என்று அன்று நினைத்துக்கொண்டோம். அவள் ஒன்றும் பேசவில்லை. கடைசியில், "நீங்கள் சொன்னால் சரி ஹஜ்ரத்" என்றாள். தந்தையார் நம் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நிக்காஹ் நாளில் வக்கீலும் இரு சாட்சிகளும் உள்ளே போய்ச் சம்மதம் கேட்டு வந்தார்கள், மௌனமாயிருந்தாள் என்றார்கள். கன்னியின் மௌனம் சம்மதம் என்பது நபிமொழி. நாம் பதிவேட்டில் எழுதினோம்.

அந்த மௌனத்தைப் பற்றி ஃபிக்ஹு நூல்களில் எத்தனை நுணுக்கமான ஆராய்ச்சி இருக்கிறது என்பதை நாம் கற்றிருந்தோம், கற்பித்தும் இருந்தோம். சிரித்தால் என்ன பொருள், கேலியாகச் சிரித்தால் என்ன, சத்தமிட்டு அழுதால் என்ன, சத்தமின்றி அழுதால் என்ன என்றெல்லாம் ஹனஃபீ அறிஞர்கள் பிரித்துப் பிரித்துப் பேசியிருக்கிறார்கள். ஏன்? மௌனம் ஒன்றல்ல, பல என்பதனால்தான். வெட்கத்தால் வாய் திறவாமை வேறு. ஓதிக்கொடுத்தவர் முன் வாயடைத்துப் போதல் வேறு. கிதாபில் படித்ததை நாம் அத்திரைக்கு இப்பாலேயே விட்டுவிட்டோம்.

மாப்பிள்ளை கெட்டவரல்லர், அதைச் சொல்லியாக வேண்டும். கொடுமை ஒன்றும் நடக்கவில்லை. ஏழெட்டு ஆண்டுகள் கழித்து ஒரு திருமண வீட்டில் அவளைக் கண்டோம். குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து ஸலாம் சொன்னாள். நலம் விசாரித்தோம். போகும்போது திரும்பி, "அன்றைக்கு நீங்கள் வந்தபோது, ஏன் வேண்டாம் என்கிறாய் என்று நீங்களாவது கேட்பீர்கள் என்று நினைத்திருந்தேன் ஹஜ்ரத்" என்றாள். குரலில் கோபம் இல்லை. நமக்கு அன்று உண்ட சோறு செரிக்கவில்லை. காரணம் என்னவென்று இன்றுவரை நமக்குத் தெரியாது. அதற்குப் பிறகு கேட்க நமக்கு என்ன உரிமை?

இங்கே ஒரு மறுப்பு எழலாம். கேட்டால் கேள், விட்டால் விடு என்று இருப்பதுதான் நஸீஹத் என்றால், நன்மையை ஏவித் தீமையைத் தடுக்கும் கடமை எங்கே போயிற்று? நியாயமான கேள்வி. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலின்போது சாத்தனூர் அணையிலிருந்து பெருவெள்ளம் திறந்துவிடப்பட்டு இந்தப் பெண்ணையாறு கரை புரண்டு வந்தது. அத்தகைய இரவில் ஆற்றோரத்து வீட்டில் படுத்துக்கொண்டு வரமாட்டேன் என்னும் கிழவரிடம் சொற்பொருள் ஆராய்ந்துகொண்டிருக்க முடியாது. தூக்கிக்கொண்டு போக வேண்டியதுதான். கப்பலின் கீழ்த்தட்டில் இருப்பவர்கள் தண்ணீருக்காக அடியில் துளையிடப் போனால், மேல்தட்டில் இருப்பவர்கள் கையைப் பிடித்துத் தடுக்காவிட்டால் அனைவரும் மூழ்குவர் என்னும் உவமையை நாயகம் (ஸல்) சொல்லியிருக்கிறார்கள். துளை எல்லோருடைய கப்பலிலும் விழுவதால் அங்கே கைக்கு வேலை வந்தது. பரீராவின் மணவாழ்வு பரீராவுடையது. அங்கே நாவோடு நின்றார்கள். நாம் செய்யும் பிழை இவ்விரண்டையும் மாற்றிக்கொள்வது. ஊர்க்கப்பலில் துளையிடுபவன் செல்வனாயிருந்தால் அவனிடம் மெல்லப் பேசிவிட்டு வருகிறோம். வீட்டுப் பெண்ணின் வாழ்வில் மட்டும் கையைப் பிடிக்கிறோம்.

இந்த ஆற்றங்கரையில் நின்று அறிவுரையைப் பற்றி நினைக்கும்போது கபிலரை நினையாதிருக்க முடியாது. ஆற்றின் நடுவே நிற்கும் பாறையைக் கபிலர் குன்று என்று ஊர் சொல்கிறது. பாரி இறந்தபின் அவனுடைய பெண்களுக்கு மணம் முடிக்க அவர் விச்சிக்கோனிடம் போனார், இருங்கோவேளிடம் போனார், எடுத்துச் சொன்னார், அவர்கள் இணங்கவில்லை. இருங்கோவேள் மறுத்தபோது கபிலருக்குச் சினம் வந்தது. கழாத்தலையாரை இகழ்ந்ததனால் உன் முன்னோர் ஊராகிய அரையம் அழிந்தது என்று சுட்டிக்காட்டிப் பாடினார். முடிவில் பாரி மகளை மலையனுக்குக் கொடுத்துவிட்டு அவர் தீப்புகுந்ததாக, இங்குள்ள வீரட்டானேசுவரர் கோயிலில் இராசராசன் காலத்துக் கல்வெட்டுக் கூறுகிறது. அவ்வளவு பெரிய நட்பைக் குறை கூறும் தகுதி நமக்கு இல்லை. ஆனாலும் எப்படியாவது இணங்க வைத்தாக வேண்டும் என்ற நிலை வந்தால், கபிலர் நாவிலும் அறிவுரை எச்சரிக்கையாகிவிடுகிறது என்பதைக் கவனித்தோம்.

அதே மலையமான் குடியோடு சேர்ந்த இன்னொரு நிகழ்ச்சியும் புறநானூற்றில் உண்டு. கிள்ளிவளவன் என்னும் சோழன் மலையமானின் மக்களைப் பிடித்து யானைக்காலில் இட முற்பட்டான். பகைவன் பிள்ளைகள், சிறு குழந்தைகள். கோவூர் கிழார் என்னும் புலவர் அங்கே போய் நின்றார். சண்டையை விலக்குவது அவருக்குப் பழக்கம். நலங்கிள்ளியும் நெடுங்கிள்ளியும் உறையூரில் மோதி நின்றபோது, எவர் தோற்றாலும் தோற்பது உங்கள் குடியே என்று சொன்னவரும் அவரே. இம்முறை அவர் சொன்னவை மிகச் சில. நீ ஒரு புறாவுக்காகத் தன்னையே தந்தவன் வழிவந்தவன். இவர்கள் புலவரின் வறுமைக்கு இரங்கித் தம் உணவைப் பகிர்ந்தளித்தவர் வழிவந்தவர்கள். யானையைக் கண்ட வியப்பில் அழுகையை மறந்து, இந்த மன்றத்தைப் பார்த்து இப்போது புதிதாக மருளுகிறார்கள். இவ்வளவையும் சொல்லிவிட்டு, கேட்டுக்கொண்டாய், இனி உன் விருப்பம் போல் செய் என்னும் கருத்தோடு பாட்டை முடித்துவிட்டார்.

நாம் இளமையில் இப்பாட்டைத் தமிழாசிரியரிடம் பாடம் கேட்டபோது, இவ்விறுதி நமக்குக் குறையாகவே பட்டது. யானை நிற்கிறது, குழந்தைகள் நிற்கிறார்கள், உன் விருப்பம் என்று விடுவதா? இப்போது வேறுவிதமாகப் படுகிறது. அம்மன்னனைக் கட்டாயப்படுத்தப் புலவரிடம் படையில்லை. இருந்திருந்தால் வேறு கதை. அவரால் ஆகக்கூடியது, சினத்தில் மன்னன் பார்க்க மறந்ததைப் பார்க்க வைப்பது. அந்தக் குழந்தைகளின் கண்களைக் காட்டினார். பிறகு விலகி நின்றார். குழந்தைகள் உயிர் பிழைத்தார்கள் என்று அப்பாட்டின் அடிக்குறிப்புச் சொல்கிறது. பிழையாது போயிருந்தாலும் அவர் சொன்னது நஸீஹத்தாகவே இருந்திருக்கும். கண்ணகியைப் பிரிந்த பேகனிடம் கபிலரும் பரணரும் அரிசில் கிழாரும் பெருங்குன்றூர் கிழாரும் மனைவியிடம் திரும்பச் சொல்லிப் பாடினார்கள். அவன் திரும்பினானா என்பதை அப்பாட்டுகள் சொல்வதில்லை. ஃபிர்அவ்னிடம் மென்மையாகப் பேசுமாறு மூஸா, ஹாரூன் (அலை) இருவருக்கும் கட்டளை வந்தது. அவன் கேட்க மாட்டான் என்பது கட்டளையிட்டவனுக்குத் தெரியாதா? தெரிந்தும் மென்மையே கட்டளையாயிற்று.

ஆற்றங்கரைக்குத் திரும்புவோம். அந்தப் பிள்ளையிடம் நாம் கேட்டது ஒன்றுதான்: "ஏன் எழுத மாட்டேன் என்கிறாய்?"

நெடுநேரம் குன்றையே பார்த்துக்கொண்டிருந்தான். "ஹஜ்ரத், இரண்டு தடவையும் எனக்குப் பயமாக இருந்தது தவறிவிடுவேன் என்றல்ல, தேறிவிடுவேன் என்றுதான்" என்றான். மூன்றாண்டுகள் நோயாளியைத் தொடாமல் திரையில் படித்தவன் அவன். திரும்பிப் போய்ப் பயின்றதும், இங்கு வந்து கூடுதலாகப் பயின்றதும் போதவில்லை என்று அவன் உள்ளம் சொல்கிறது. விடைகளை மனப்பாடம் செய்து 150 வாங்கிவிட்டால், மறுவாரமே ஒரு குழந்தையை அவன் முன் கிடத்துவார்கள். "அத்தாவிடம் இதை எப்படிச் சொல்வேன்? நிலம் விற்றவரிடம்?" என்றான்.

தந்தை நினைத்திருந்தது சோம்பல் என்று. நாமும் வழியெல்லாம் சோம்பலுக்கு மருந்தாகச் சில நபிமொழிகளை நினைத்துக்கொண்டு வந்திருந்தோம். அவை நாவிலேயே நின்றுவிட்டன. நமக்குத் தோன்றியதை மட்டும் சொன்னோம்: இந்த அச்சம் உள்ளவனிடம்தான் நாம் நம் பேரக்குழந்தையைக் கொண்டுவருவோம்; ஆயினும் அச்சத்தைப் போக்கும் பயிற்சி எங்கே கிடைக்கும் என்று தேட வேண்டியவன் நீயே; தேர்வை இந்தத் தடவை எழுதுவதா, ஓராண்டு தள்ளி எழுதுவதா, விட்டுவிடுவதா என்பதும் உன்னுடையது; எதுவாயினும் அத்தாவிடம் காரணத்தைச் சொல். கேட்டுக்கொண்டான். மக்ரிபுக்கு பாங்கு ஒலித்தது, எழுந்தோம்.

இரவு அவனுடைய தந்தை வந்தார். இடியாப்பமும் தேநீரும் வந்தன.

"சரி என்றானா ஹஜ்ரத்?"

"கேட்டுக்கொண்டான்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். உங்களிடம் பேசுவான். அவன் பேசும்போது நீங்கள் இடையில் பேசாதிருங்கள்."

அவருக்கு அது பிடிக்கவில்லை. தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு, ஸலாம் சொல்லி, வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.